பிக் மட்டி ஆறு யாருக்குச் சொந்தம்? ‘தி பிக் கன்ட்ரி’ எழுப்பிய கேள்வியும் அதற்குக் கிடைத்த விடைகளும்

நிலத்துக்காகவும் நீருக்காகவும் மூளும் பகையை ரத்தம் சிந்தாமல் முடிக்க முடியுமா? அமெரிக்காவின் ‘வெஸ்டர்ன்’ படங்கள் தொடக்கக் காலத்திலிருந்தே சுமந்துவரும் கேள்வி இது. பெரும்பாலான படங்கள் கடைசி ரீலில் துப்பாக்கியை எடுத்து விடை சொல்லிவிடும். வில்லியம் வைலர் இயக்கி 1958-இல் வெளியான ‘தி பிக் கன்ட்ரி’ அவ்வளவு சுலபமாக விடை சொல்லவில்லை. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் அந்தப் படம் சண்டையை ஒத்திப்போடுகிறது, மறைக்கிறது, மறுக்கிறது, கடைசியில் அனுமதிக்கவும் செய்கிறது. அதனால்தான் அதைப் பற்றிய விளக்கங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டே வந்திருக்கின்றன. சமாதானத்தைப் பேசும் படம் என்றார்கள். பனிப்போரின் உருவகம் என்றார்கள். இரண்டு கிழவர்களின் கௌரவப் போட்டி என்றார்கள். வன்முறையைக் கண்டித்துக்கொண்டே அதைக் காட்டி மகிழ்விக்கும் படம் என்று குறைசொன்னவர்களும் உண்டு.

இந்த விளக்கங்கள் எங்கிருந்து பிறந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. விவாதத்தின் பெரும்பகுதி நாயகனின் வீரத்தைச் சுற்றியே நடந்துவிட்டது. பகைக்குக் காரணமாகப் படம் காட்டும் தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டது. அந்த ஓரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தர வேண்டும் என்பது இங்கு முன்வைக்கும் கருத்து.

கதையின் எலும்புக்கூடு

டொனால்ட் ஹாமில்டன் எழுதிய கதை 1957-இல் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழில் தொடராக வந்தது. படத்தை வைலரும் நாயகன் கிரிகரி பெக்கும் சேர்ந்து தயாரித்தார்கள். கிழக்குக் கரையிலிருந்து வரும் கப்பல் தலைவன் ஜேம்ஸ் மெக்கே (பெக்), பெரும் பண்ணையாரான மேஜர் ஹென்றி டெரிலின் (சார்லஸ் பிக்ஃபோர்ட்) மகள் பட்ரீஷியாவை (கேரல் பேக்கர்) மணக்க வருகிறான். டெரிலுக்கும், பிளாங்கோ பள்ளத்தாக்கில் வாழும் ரூஃபஸ் ஹனசிக்கும் (பர்ல் ஐவ்ஸ்) தீராத பகை. இருவரின் மாடுகளுக்கும் தண்ணீர் ‘பிக் மட்டி’ என்ற நிலத்திலிருந்துதான் கிடைக்கிறது. அந்த நிலம் இருவருக்கும் சொந்தமில்லை. பாட்டன் வழியாக அது பள்ளி ஆசிரியை ஜூலி மராகனுக்கு (ஜீன் சிம்மன்ஸ்) வந்தது. அவள் இரு தரப்புக்கும் தண்ணீர் விடுகிறாள், யாருக்கும் விற்க மறுக்கிறாள். மெக்கே அதை அவளிடமிருந்து வாங்குகிறான். அதன்பின் நடப்பவை கடத்தல், துப்பாக்கிப் போட்டி, இரண்டு குடும்பத் தலைவர்களின் சாவு.

பனிப்போரின் நிழலில்

பரவலாகச் சொல்லப்படும் முதல் விளக்கம் அரசியல் உருவகம். சமமான பலமுள்ள இரண்டு முகாம்கள், நடுவே இருவருக்கும் தேவையான ஒரு வளம், எந்தப் பக்கமும் சேர மறுக்கும் ஒரு வெளியாள். 1950களின் இறுதியில் இதைப் பார்த்தவர்களுக்கு வாஷிங்டனும் மாஸ்கோவும் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. 1956-இல் ஹங்கேரியும் சூயஸும், 1957 அக்டோபரில் ஸ்புட்னிக்கும் நடந்து முடிந்திருந்தன. ஹைட்ரஜன் குண்டு இரு தரப்பிடமும் இருந்தது.

வைலரின் வாழ்க்கையும் இந்த விளக்கத்துக்குத் துணை நிற்கிறது. 1902-இல் அவர் பிறந்த மியூலூஸ் நகரம் அப்போது ஜெர்மனியின் பிடியிலிருந்த அல்சாஸ் பகுதியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அது பிரான்சுக்குத் திரும்பியது. எல்லைக்கோடு மக்களின் தலைக்கு மேலே நகர்வதைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர். 1947-இல் ஹாலிவுட்டில் கம்யூனிச வேட்டை தொடங்கியபோது, ஜான் ஹூஸ்டன், ஃபிலிப் டன் ஆகியோருடன் சேர்ந்து அதை எதிர்க்கும் குழுவை அமைத்தார். 1956-இல் அவர் எடுத்த ‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்’, உள்நாட்டுப் போரின் நடுவே ஆயுதம் ஏந்த மறுக்கும் குவேக்கர் குடும்பத்தின் கதை. அடுத்த ஆண்டு கான் விழாவில் அதற்குத் தங்கப் பனை விருது கிடைத்தது. அதன் மூலக்கதையை எழுதிய ஜெசமின் வெஸ்ட்டின் பெயர் ‘தி பிக் கன்ட்ரி’யின் எழுத்துப் பணியிலும் இடம்பெறுகிறது. இரண்டு படங்களையும் ஒரே சிந்தனையின் தொடர்ச்சியாகக் காண்பது நியாயமானதே.

ஆனால் உருவகத்தைக் கதாபாத்திரங்களின் மேல் பொருத்திப் பார்த்தால் அது நழுவுகிறது. டெரிலும் ஹனசியும் கொள்கையால் பிரிந்தவர்கள் அல்லர். இருவருமே மாடு வளர்ப்பவர்கள், இருவருமே தனிச்சொத்தை நம்புபவர்கள், இருவரின் வீட்டிலும் தகப்பன் சொல்லே சட்டம். ஒருவன் மாளிகையில் இருக்கிறான், மற்றவன் பள்ளத்தாக்கில் இருக்கிறான், வேறுபாடு அவ்வளவுதான். இது சித்தாந்தப் போராகத் தெரியவில்லை, வாய்க்கால் தகராறாகத்தான் தெரிகிறது. உருவகமாக மட்டும் படித்தால் அந்த வாய்க்கால் மறைந்துபோகிறது என்பதே இந்த விளக்கத்தின் பெரிய குறை.

ஊர் பார்க்காத வீரம்

இரண்டாவது விளக்கம் கௌரவத்தைப் பற்றியது. ராபர்ட் வார்ஷோ 1954-இல் வெஸ்டர்ன் நாயகனைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்கு வழி வகுத்தது. நாயகன் சண்டையிடுவது நீதியை நிலைநாட்டுவதற்காக மட்டுமல்ல, தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் சித்திரம் கலையாமல் காப்பதற்காகவும்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். வைலரின் படம் இந்த இலக்கணத்தை நேருக்கு நேர் சோதிக்கிறது. ஹனசியின் மகன் பக் (சக் கானர்ஸ்) நடுவழியில் மெக்கேயைக் கயிறு வீசி அவமானப்படுத்துகிறான், மெக்கே பொருட்படுத்துவதில்லை. முரட்டுக் குதிரையில் ஏறிக் காட்டச் சொன்னால் மறுக்கிறான். யாரும் இல்லாத நேரத்தில் பலமுறை கீழே விழுந்து அதை அடக்குகிறான், பண்ணையாள் ரமோனிடம் அதை வெளியே சொல்லாதே என்கிறான். மேற்பார்வையாளன் ஸ்டீவ் லீச் (சார்ல்டன் ஹெஸ்டன்) எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பொய்யன் என்கிறான்; அப்போதும் கை ஓங்குவதில்லை. விடியலுக்கு முன் லீச்சைத் தனியே அழைத்துச் சென்று மோதுகிறான்.

படத்தின் உச்சம் இந்தச் சண்டைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒளிப்பதிவாளர் ஃபிரான்ஸ் பிளானர் கேமராவைத் தொலைவுக்குக் கொண்டுபோய் வைக்கிறார். டெக்னிராமாவின் அகன்ற திரையில் இரண்டு ஆண்கள் எறும்பளவு உருவங்களாகச் சுருங்கி வெற்று நிலத்தில் உருள்கிறார்கள். படம் முழுதும் முழங்கும் ஜெரோம் மோராஸின் இசை இங்கே வாய்மூடிக்கொள்கிறது. முடிவில் இதனால் என்ன நிரூபணமானது என்று மெக்கே கேட்கிறான், லீச்சிடம் பதில் இல்லை. வீரத்தின் அர்த்தமின்மையை வசனத்தை விடக் கேமராவின் தொலைவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. வைலரின் காட்சியமைப்பைப் பற்றி ஆந்திரே பாசான் 1948-இல் எழுதிய கட்டுரை, பார்வையாளரைப் பிடித்துத் தள்ளாத அவருடைய நிதானத்தைப் புகழ்ந்தது. இருபது ஆண்டுகள் கழித்து ஆண்ட்ரூ சாரிஸ் அதே வைலரை, வெளியே தெரியும் அளவுக்கு உள்ளே சரக்கு இல்லாத இயக்குநர்களின் வரிசையில் வைத்தார். இந்த ஒரு காட்சியை முன்வைத்தால் சாரிஸின் தீர்ப்பு அவசரமானது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்வாதமும் வலுவானது. மெக்கே சண்டையை மறுப்பவன் என்றால் ஏன் ஒவ்வொரு முறையும் சண்டைக்குப் போகிறான்? குதிரை, லீச், இறுதியில் பக்குடன் கைத்துப்பாக்கிப் போட்டி என எல்லாச் சோதனையிலும் அவன் தேறுகிறான். பார்வையாளருக்குத் தெரிந்தபின், ஊருக்குத் தெரியாவிட்டால் என்ன? அவன் கோழை அல்ல என்ற நிரூபணத்தைப் படம் நமக்கு ஒளிவுமறைவாகத் தந்துகொண்டே இருக்கிறது. ஆகவே வன்முறையை மறுக்கும் படம் என்பதைவிட, வீரத்தை விளம்பரத்திலிருந்து பிரிக்கும் படம் என்பதே பொருத்தம். இரண்டும் ஒன்றல்ல.

இரண்டு தகப்பன்மார்

மூன்றாவது விளக்கம் குடும்பத்தை மையத்தில் வைக்கிறது. 1946-இன் ‘டூயல் இன் த சன்’, 1950-இன் ‘தி ஃப்யூரீஸ்’, 1954-இன் ‘புரோக்கன் லான்ஸ்’ என்று பண்ணையார் தகப்பனும் வாரிசுகளும் மோதும் படங்களின் வரிசை ஏற்கெனவே இருந்தது. ‘தி பிக் கன்ட்ரி’ அதை இரட்டிப்பாக்குகிறது. டெரிலுக்கு மகன் இல்லை. அவர் வளர்த்த லீச் மகனின் இடத்தில் நிற்கிறான். ரூஃபஸுக்கு மகன்கள் உண்டு, ஆனால் மூத்தவன் பக் அவருக்கு அவமானம்.

மேலோட்டமாக டெரில் கனவான், ஹனசி காட்டான். படம் இதை மெல்லத் திருப்பிப்போடுகிறது. மெக்கேயை அவமதித்ததைக் காரணம் காட்டி டெரில் ஆட்களுடன் பிளாங்கோ பள்ளத்தாக்கில் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் மிரட்டுகிறார். மெக்கே கேட்காத பழிவாங்கல் அது. டெரில் வீட்டு விருந்து நடுவே ரூஃபஸ் தனியாளாக வந்து, அந்த மாளிகையின் பூச்சைச் சபை முன்னால் சுரண்டிக் காட்டி, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நடக்கிறார். ஐவ்ஸுக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்றுத்தந்த பாத்திரம் இது. பிற்பகுதியில், விதிமீறிச் சுட்ட தன் மகனைத் தானே சுட்டுக்கொல்லும் அளவுக்கு அவருடைய நேர்மை கொடியது.

இந்த விளக்கத்தின் பலம், பகையின் தன்மையை இது சரியாகக் காட்டுவதுதான். பங்காளிச் சண்டை போல, முதல் காரணம் மறந்துபோன பிறகும் தன் கால்களில் நிற்கக்கூடிய பகை இது. மெக்கேயின் தகப்பனும் ஒரு துப்பாக்கிப் போட்டியில் மாண்டவர். எதற்காக என்பது யாருக்கும் தெரியாது என்ற குறிப்பு சும்மா வைக்கப்பட்டதல்ல. பலவீனம் என்னவென்றால், எல்லாவற்றையும் மனித மனத்துக்குள் அடைத்துவிட்டால் நிலம் வெறும் பின்னணித் திரையாகிவிடும். ஒரு வளத்தைப் பங்கிடும் விதி இல்லாத இடத்தில்தான் இத்தகைய தகப்பன்மாருக்கு அதிகாரம் வளர்கிறது.

தண்ணீரும் பத்திரமும்

அமெரிக்க மேற்கின் வரலாற்றில் தண்ணீரைப் பிடித்தவனே மேய்ச்சலைப் பிடித்தான். 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒருவருக்கு 160 ஏக்கர் தந்தது. மழை பெய்யும் கிழக்குக்கு அது ஒரு குடும்பத்தின் பண்ணை. வறண்ட மேற்கில் அதைக் கொண்டு சில மாடுகளைக்கூட ஒழுங்காக மேய்க்க முடியாது. ஆனால் அந்த 160 ஏக்கர் ஓர் ஊற்றையோ ஓடைக்கரையையோ சுற்றி அமைந்துவிட்டால், சுற்றியுள்ள பல்லாயிரம் ஏக்கர் பொதுநிலமும் நடைமுறையில் அவன் கைக்கு வந்துவிடும். ஜான் வெஸ்லி பவல் 1878-இல் அரசுக்குத் தந்த அறிக்கை இந்த ஆபத்தைச் சுட்டியது. மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் தேவை, எல்லைகளை நீர் கிடைக்கும் விதத்தை ஒட்டி வகுக்க வேண்டும், தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று அவர் பரிந்துரைத்தார். அது அப்போது ஏற்கப்படவில்லை.

1874-இல் ஜோசஃப் கிளிட்டன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றபின் சிக்கல் முற்றியது. வேலி போட்டவன் சில இடங்களில் தண்ணீரையும் பாதையையும் சேர்த்தே அடைத்தான். 1883-இன் வறட்சியில் டெக்சஸ் முழுதும் வேலிகள் வெட்டப்பட்டன; அடுத்த ஆண்டே வேலி வெட்டுவதைக் கடும் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. சட்டமும் ஒரே குரலில் பேசவில்லை. கரையோர நிலம் வைத்திருப்பவனுக்கே நீருரிமை என்ற ஆங்கில மரபு ஒருபுறம். முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கே முன்னுரிமை என்று 1882-இல் கொலராடோ நீதிமன்றம் உறுதிசெய்த விதி மறுபுறம். 1886-இல் கலிஃபோர்னியா இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்டது. வயோமிங்கில் 1892-இல் நடந்த ஜான்சன் மாவட்டப் போர், பெரும் பண்ணையார்கள் கூலிப்படையை அழைத்துச் சிறு குடியேறிகள்மீது ஏவும் அளவுக்குப் போனது. அரிசோனாவின் பிளெசன்ட் பள்ளத்தாக்கில் கிரஹாம், டியூக்ஸ்பரி குடும்பங்கள் 1880களில் ஒன்றையொன்று கொன்று தீர்த்தன.

இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் பிக் மட்டியைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. படத்தில் தண்ணீருக்கு ஏற்கெனவே ஒரு தீர்வு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் மெக்கே அல்ல. ஜூலியின் ஏற்பாடு அது: இருவருக்கும் திறந்த கரை, எவருக்கும் விற்பனை இல்லை. அந்த ஏற்பாட்டைக் குலைக்கப் பார்த்தது வறட்சியல்ல, அவளுடைய கல்யாணம் குறித்த கணக்கு. டெரில் அவளிடம் விலை பேசுகிறார். பக் அவளை மணந்தால் ஆறு தன் வீட்டுக்கு வந்துவிடும் என்பது ரூஃபஸின் கணக்கு. பெண்ணின் கை எங்கே போகிறதோ தண்ணீரும் அங்கே போகும் என்பதே இந்த உலகத்தின் எழுதாத சட்டம். ஜேன் டாம்ப்கின்ஸ் 1992-இல் எழுதிய நூலில், வெஸ்டர்ன் கதைகள் பெண்ணின் பேச்சையும் அறிவையும் ஒதுக்கியே வளர்ந்தவை என்று வாதிட்டார். ஜூலி அந்த வாதத்துக்கு ஓரளவு விதிவிலக்கு. ஊரில் பகையின் காரணத்தைத் தெளிவாகப் புரிந்துவைத்திருப்பவளும் தன் வளத்தால் அதைத் தடுத்துவைத்திருப்பவளும் அவள்தான். ஆனால் கதை அவளிடமிருந்து பத்திரத்தை நாயகனின் கைக்கு மாற்றித்தான் முன்னே நகர்கிறது.

கைமாறியதும் நடப்பது கவனிக்கத்தக்கது. ஹனசியின் மாடுகளுக்கும் தண்ணீர் உண்டு என்று மெக்கே ஜூலிக்கு வாக்குக் கொடுக்கிறான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பட்ரீஷியா அதை ஏற்கவில்லை. டெரிலின் ஆட்கள் ஹனசியின் மாடுகளை ஆற்றிலிருந்து விரட்டுகிறார்கள். பிளாங்கோ பள்ளத்தாக்கில் மெக்கே பத்திரத்தையும் வாக்கையும் ரூஃபஸிடம் காட்டுகிறான். அப்போதும் போர் நிற்கவில்லை. தண்ணீர்தான் காரணம் என்றால் அந்தக் காகிதம் கண்ணில் பட்ட கணத்திலேயே துப்பாக்கிகள் இறங்கியிருக்க வேண்டும். தண்ணீரை முன்வைத்துப் பேசும் விளக்கத்துக்குப் படமே தரும் கடுமையான சவால் இது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதே காட்சி வேறொன்றையும் காட்டுகிறது. பொதுவில் யாரும் கட்டுப்பட வேண்டிய விதி ஒன்று இல்லாதபோது, நல்ல மனிதனின் வாக்கு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் எதிரியின் சந்தேகத்தைத் தீர்க்காது. நீதிமன்றமோ சட்ட அதிகாரியோ இந்தக் கதையை முடிவுக்குக் கொண்டுவரும் இடத்தில் இல்லை.

பத்திரத்துக்கு முன் இருந்தவர்கள்

அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ள கேள்வி, பத்திரத்துக்கு முன்பு அந்த நிலம் யாருடையது என்பது. கதை நடக்கும் ஆண்டைப் படம் சொல்வதில்லை. உடைகளும் ஆயுதங்களும் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளைக் காட்டுகின்றன. வடமேற்கு டெக்சஸில் பிளாங்கோ பள்ளத்தாக்கு என்ற பெயரில் உண்மையான இடம் ஒன்று உண்டு. 1871 அக்டோபரில் ரேனல்ட் மெக்கென்ஸியின் படை அங்கே கொமான்சிகளோடு மோதியது. 1875-இல் குவானா பார்க்கரின் குழு சரணடைந்தது. 1876-இல் சார்ல்ஸ் குட்நைட் அருகிலுள்ள பாலோ டூரோ பள்ளத்தாக்கில் மாட்டுப் பண்ணை தொடங்கிவிட்டார். ஒரு மக்கள் வெளியேற்றப்பட்டதற்கும் பண்ணை எழுந்ததற்கும் நடுவே ஓராண்டுதான் இடைவெளி. அந்த மக்களுக்கு வைலரின் படத்தில் இடமே இல்லை. மெக்சிகோவின் பக்கத்திலிருந்து ஒருவர் இருக்கிறார்: ரமோன். அல்ஃபோன்சோ பெடோயா கண்ணியத்துடன் நடித்த பாத்திரம் அது. படம் வெளிவருமுன்பே 1957 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். ரமோன் நாயகனின் ரகசியத்தைக் காக்கிறான், அவனோடு ஆபத்துக்குள் போகிறான், ஆனால் நிலத்தைப் பற்றி ஒரு கோரிக்கையும் வைப்பதில்லை. ஸ்பானிய, மெக்சிக மானிய நிலங்களின் மேல்தான் டெக்சஸின் பெரும் பண்ணைகள் பல எழுந்தன என்பதை நினைத்தால் அந்த மௌனம் கனக்கிறது.

1958-இல் எடுத்த படத்தை இன்றைய அளவுகோலால் அளப்பது சரியா என்ற கேள்வி எழலாம். ஓரளவு நியாயம்தான். ஆனால் ‘பெரிய நாடு’ என்று தலைப்பு வைத்து, விருந்துக்கு வருபவர்கள் எல்லாம் அந்த நாட்டின் பரப்பைப் பற்றியே பேசும் படம் இது. அந்தப் பரப்பு எப்படி வெறுமையாயிற்று என்று கேட்பது படத்துக்கு வெளியிலிருந்து திணிக்கும் கேள்வியல்ல.

முடிவாகாதவை

இறுதியில் இரண்டு கிழவர்களும் பள்ளத்தாக்கில் நேருக்கு நேர் நின்று ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துகிறார்கள். இதைப் பகையின் பயனின்மைக்குச் சாட்சி என்று படிப்பவர்கள் பலர். அமெரிக்கப் புராணம் வன்முறை வழியாகவே தேசம் புத்துயிர் பெறுவதாகச் சொல்லிவந்தது என்று ரிச்சர்ட் ஸ்லாட்கின் காட்டினார். அந்தக் கோணத்தில் பார்த்தால் இந்த முடிவும் அதே புராணம்தான்: பழைய ரத்தம் சிந்தியபின் புதிய தலைமுறைக்கு வழி திறக்கிறது. இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கிறது. ஜேம்ஸ் வெப், சை பார்ட்லெட், ராபர்ட் வைல்டர் என மூன்று பேர் திரைக்கதையில் பெயர் பெற்றார்கள், அதற்கு முன் வேறு இருவர் தழுவலில் உழைத்தார்கள். வைலர் ‘பென்-ஹர்’ வேலைக்காகப் புறப்பட்டுவிட, இறுதிக் காட்சியின் ஒரு பகுதியைப் படத்தொகுப்பாளர் ராபர்ட் ஸ்விங்க் எடுத்து முடித்தார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. இந்த முடிவை ஒரே ஒருவரின் தீர்மானமான கருத்தாக எடுத்துக்கொள்வதில் அதனால் நிதானம் தேவை.

கிடைத்துள்ள விளக்கங்களை எடைபோட்டால், கௌரவத்தைப் பற்றிய வாசிப்பு படத்தின் காட்சிகளுக்கு நெருக்கமானது. பனிப்போர் வாசிப்பு காலத்துக்கு நெருக்கமானது, கதைக்கு அவ்வளவு இல்லை. தண்ணீரைப் பற்றிய வாசிப்பு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதை எழுதுபவர் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெறுப்பு எப்படி முடிகிறது என்பது ஒன்று. படம் அதற்குத் தரும் விடை இரண்டு சாவுகள். தண்ணீர் எப்படிப் பங்கிடப்படும் என்பது மற்றொன்று. அதற்குப் படம் தருவது ஒரு மனிதனின் வாக்கு மட்டுமே. மெக்கே நல்லவன், வாக்குத் தவற மாட்டான் என்று நம்பலாம். அவனுக்குப் பின் பத்திரம் யார் கைக்குப் போகும், அடுத்த வறட்சியில் ஹனசி வீட்டுப் பிள்ளைகள் எந்த உரிமையோடு அந்தக் கரைக்கு வருவார்கள் என்ற கேள்விகளுக்குப் படத்தில் விடை இல்லை. அந்த ஊரில் ரத்தமில்லாமல் நடைமுறையில் இருந்த ஒரே ஏற்பாடு ஜூலி மராகனுடையது. ‘தி பிக் கன்ட்ரி’யை மறுபடி பார்ப்பவர்கள் குத்துச்சண்டையிலிருந்து சற்றே கண்ணை எடுத்து, பிக் மட்டியில் பேரம் நடக்கும் அந்தக் காட்சியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.